ஷிமோனோசெக்கி: அடிபட்டவர் கற்ற பாடம்

ஜப்பானைப் பற்றி நம் மேடைகளில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கதவடைத்துக் கிடந்த ஒரு நாட்டின் வாசலில் மேலை நாட்டுப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. வாளேந்திய வீரர்கள் பழைய பீரங்கிகளைக் கொண்டு எதிர்த்துப் பார்த்துத் தோற்றார்கள். தோற்றவர்கள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அடித்தவனிடமே போய்க் கல்வி கற்றார்கள். நாற்பதே ஆண்டுகளில் ருஷ்யாவைக் கடலில் வீழ்த்தினார்கள். ‘ஆகவே மாணவர்களே, தோல்வி கண்டு துவளாதீர்கள்’ என்று பேச்சாளர் முடிப்பார், கைதட்டல் எழும். கல்லூரி விழாக்களில் இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு முறை நானே சொல்லியும் இருக்கிறேன்.

கதையில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. அடித்தவனிடம் அவர்கள் எதையெல்லாம் கற்றார்கள் என்று அது கேட்பதே இல்லை. 1863, 1864 ஆம் ஆண்டுகளில் ஷிமோனோசெக்கி நீரிணையில் நடந்த மோதல்களையும், அவற்றில் பங்குகொண்ட மனிதர்கள் பின்னாளில் செய்தவற்றையும் ஒருசேர வைத்துப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி என்னுள் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடை கைதட்டலுக்கு உரியதாக இல்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷுவின் மேற்கு முனைக்கும் கியூஷு தீவுக்கும் இடையே ஓடுகிறது இந்த நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஏறக்குறைய 600 மீட்டர்தான். நீரோட்டம் நாளொன்றுக்கு நான்கு முறை திசை மாறும். கரையில் நிற்பவன் எதிரே போகும் கப்பலின் மேல்தளத்து மனிதர்களை எண்ணிவிடலாம். இலக்கிய வாசகர்களுக்கு இவ்விடம் வேறொரு பெயரால் அறிமுகமாகியிருக்கும்: தன்னோஊரா. 1185இல் தைரா குலம் மினமோத்தோ குலத்திடம் தோற்று அழிந்தது இந்தக் கடலில்தான். குழந்தைப் பேரரசன் அந்தோக்குவைப் பாட்டி மார்போடு அணைத்துக்கொண்டு அலைக்குள் இறங்கியதும் இங்கேதான். அந்த அழிவைப் பாடும் ‘ஹெய்க்கே மொனொகத்தாரி’ என்னும் காவியத்தைப் பார்வையற்ற பாணர்கள் பிவா என்னும் யாழை மீட்டி நூற்றாண்டுகளாகப் பாடி வந்தார்கள். லாஃப்காதியோ ஹெர்ன் 1904இல் வெளியிட்ட ‘குவைதான்’ தொகுப்பில் வரும் செவியில்லாத ஹோய்ச்சியின் கதையும் இக்கரையில் நிகழ்வதே. தோற்றவர்களின் ஆவிகள் தங்கள் கதையைக் கேட்க வந்து அமரும் கரை அது.

அக்கரைக்கு 1863இல் பீரங்கிகள் வந்தன. காரணம் ஒரே நாளில் முளைத்ததன்று. 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு கப்பல்களுடன் வந்து நின்றதிலிருந்தே ஷோகன் ஆட்சி பணிந்துகொண்டே போயிற்று. 1858இல் அமெரிக்கா, நெதர்லாந்து, ருஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுடன் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அந்நியன் குற்றம் செய்தால் அவனை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சுங்க வரியை ஜப்பான் தன் விருப்பப்படி விதிக்க முடியாது. அந்நாளில் ஜப்பானில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு வெள்ளி. வெளியுலகில் பதினைந்து பங்கு. வணிகர்கள் வெள்ளியைக் கொண்டுவந்து கொட்டித் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். விலைவாசி ஏறியது. ‘பேரரசரைப் போற்று, அந்நியரை விரட்டு’ என்ற முழக்கம் இந்த எரிச்சலில்தான் பற்றிக்கொண்டது.

பேரரசர் கோமேய் அந்நியரை விரட்டுமாறு ஆணையிட்டார். ஷோகன் வேறு வழியின்றி 1863 ஜூன் 25ஐ நாளாகக் குறித்தார். ஷோகன் ஆட்சியைப் பொறுத்தவரை அது பேச்சுவார்த்தையில் இழுத்தடிக்க வேண்டிய ஒரு சடங்கு. சோஷூ என்னும் சிற்றரசு மட்டும் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது. குறித்த நாளன்றே பெம்புரோக் என்ற அமெரிக்க வணிகக் கப்பலைச் சுட்டது. ஜூலை 8 அன்று ஒரு பிரெஞ்சுக் கப்பல். ஜூலை 11 அன்று நெதர்லாந்தின் மெதூசா. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானோடு வணிக உறவு கொண்டிருந்த ஒரே ஐரோப்பியர் டச்சுக்காரர்கள். தங்களை யார் சுடப்போகிறார்கள் என்ற நம்பிக்கையோடு நீரிணைக்குள் நுழைந்தார்கள். நால்வர் மாண்டனர்.

பதிலடி விரைந்து வந்தது. ஜூலை 16 அன்று மக்டூகல் என்பவரின் தலைமையில் வையோமிங் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தனியொன்றாக உள்ளே நுழைந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போரிட்டு, சோஷூவின் கப்பல்களில் இரண்டை மூழ்கடித்து, மூன்றாவதைச் சிதைத்துவிட்டுத் திரும்பியது. நான்கு நாள் கழித்துப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். சுமார் 250 பேரைக் கரையிறக்கிப் பீரங்கி மேடை ஒன்றை அழித்தார்கள். அருகிலிருந்த சிற்றூரையும் கொளுத்தினார்கள்.

அதே கோடையில் தெற்கே ககோஷிமாவிலும் குண்டுகள் விழுந்தன. அதன் காரணம் வேறு. 1862 செப்டம்பரில் சத்சுமா சிற்றரசின் பவனிக்கு வழிவிடாத ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில வணிகரைக் காவலர்கள் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். ஷோகனிடம் 100,000 பவுனும் சத்சுமாவிடம் 25,000 பவுனும் இழப்பீடு கேட்டது பிரிட்டன். ஷோகன் கொடுத்தார், சத்சுமா மறுத்தது. 1863 ஆகஸ்டில் அட்மிரல் கூப்பர் ஏழு கப்பல்களுடன் ககோஷிமா விரிகுடாவுக்குள் சென்றார். சத்சுமாவின் நீராவிக் கப்பல்கள் மூன்றைப் பிணையாகப் பிடித்ததும் கரையிலிருந்து பீரங்கிகள் முழங்கின. தலைமைக் கப்பல் உடனே திருப்பிச் சுட முடியவில்லை. ஷோகன் கொடுத்த இழப்பீட்டு வெள்ளிப் பெட்டிகள் வெடிமருந்து அறையின் கதவை மறைத்து அடுக்கப்பட்டிருந்தனவாம். அன்று அக்கப்பற்படையுடன் சென்றிருந்த மொழிபெயர்ப்பாளர் எர்னஸ்ட் சாட்டோ தம் நினைவு நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரே குண்டில் கப்பல் தலைவரும் அவருக்கு அடுத்த அதிகாரியும் இறந்தார்கள். பதிலுக்கு ஊர் எரிந்தது. மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் குறைவு. வீடுகள் மட்டும் சுமார் 500 சாம்பலாயின. அன்று ககோஷிமாவின் கரைக் காவலில் நின்ற சிறுவர்களுள் ஒருவனுக்கு வயது 15. பெயர் தோகோ ஹெய்ஹாச்சிரோ. 1905இல் துஷிமா கடற்போரில் ருஷ்யக் கப்பற்படையை அழித்த அதே தோகோதான்.

மேடைப் பேச்சாளர்களுக்குத் தோகோ போதும். நான் சொல்ல வந்தது இன்னும் மூன்று பேரைப் பற்றி.

முதல் இருவர் சோஷூக்காரர்கள்: இட்டோ ஹிரோபுமி, இனோவே கவுரு. 1863 ஜனவரி இறுதியில் ஏதோ நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் இருவரும் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 27 அன்று, நாட்டை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்ற சட்டம் நடப்பில் இருக்கும்போதே, வேறு மூன்று இளைஞர்களுடன் யோக்கோஹாமாவில் கள்ளத்தனமாகக் கப்பலேறி லண்டனுக்குப் படிக்கப் போனார்கள். தேதியைக் கவனிக்க வேண்டும். சோஷூ தன் முதல் குண்டைச் சுட்டு இரண்டே நாள் ஆகியிருந்தது. ஒரு கையால் அந்நியனைச் சுட்டுக்கொண்டே மறு கையால் அவனிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியது அந்தச் சிற்றரசு. அதன் மனத்தில் ஒரே நேரத்தில் ஓடிய இந்த இரண்டு எண்ணங்களையும் ‘தோற்றபின் திருந்தினார்கள்’ என்ற எளிய வாய்பாட்டுக்குள் அடக்க இயலாது.

லண்டனில் இருந்தபோது, நான்கு நாடுகளும் சேர்ந்து சோஷூவைத் தாக்கவிருக்கும் செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. இட்டோவும் இனோவேயும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிரிட்டிஷ் தூதர் ஆல்காக் அவர்களைப் போர்க்கப்பலிலேயே ஏற்றிச் சோஷூவுக்கு அனுப்பிவைத்தார். உடன் சென்றவர் சாட்டோ. எதிரியின் வலிமையைத் தாங்கள் கண்ணால் கண்டதை இருவரும் தங்கள் தலைவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். பயனில்லை. இதற்கிடையே, உள்நாட்டுக்குள் போர் நடவடிக்கை கூடாது என்று லண்டனிலிருந்து வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல் ஆல்காக்குக்குக் கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதம் கடல் கடந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

1864 செப்டம்பர் 5 பிற்பகல் பிரிட்டனின் 9, நெதர்லாந்தின் 4, பிரான்சின் 3, அமெரிக்காவின் 1 என 17 கப்பல்கள் நீரிணையில் அணிவகுத்துச் சுடத் தொடங்கின. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் அந்நாட்டால் ஒரு வாடகைக் கப்பலைத்தான் அனுப்ப முடிந்தது. சோஷூவின் சிறந்த வீரர்களோ அங்கில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் கியோத்தோ அரண்மனை வாயிலில் நடந்த சண்டையில் அடிபட்டுச் சிதறியிருந்தார்கள். மறுநாள் கூட்டுப் படையினர் கரையிறங்கிப் பீரங்கி மேடைகளைக் கைப்பற்றினார்கள். கைப்பற்றப்பட்ட மேடையில் ஆங்கில மாலுமிகள் நிற்பதைப் ஃபெலிசே பெயாத்தோ படம் எடுத்தார். அந்தப் படம் இன்றும் கிடைக்கிறது. செப்டம்பர் 8 அன்று சமாதானப் பேச்சு தொடங்கியது. சோஷூவின் தரப்பில் பேச வந்தவர் தக்காசுகி ஷின்சாக்கு. சாமுராய்களோடு உழவரையும் நகரத்தாரையும் சேர்த்து ‘கிஹெய்த்தாய்’ என்ற புதுப் படையை உருவாக்கியவர். மொழிபெயர்த்தவர் இட்டோ. தக்காசுகி மிகுந்த செருக்கோடு கப்பலேறி வந்ததையும், பின் சிறிது சிறிதாக இறங்கிவந்து எல்லா நிபந்தனைகளையும் ஏற்றதையும் சாட்டோ எழுதியிருக்கிறார்.

நிபந்தனைகளில் ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. ஷிமோனோசெக்கி நகரைக் கொளுத்தியிருக்கலாம், கொளுத்தவில்லை, ஆகவே அதற்கும் பணம் தர வேண்டும். எரிந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். எரிக்காமல் விட்டதற்குக் கூலி கேட்பது அப்படியொன்றும் பழகிய வழக்கம் அன்று.

மொத்தத் தொகை 30 லட்சம் டாலர். ‘பேரரசரும் ஷோகனும் இட்ட கட்டளையைத்தான் நிறைவேற்றினோம்’ என்று சோஷூ கைவிரித்தது; பணத்தை ஷோகன் ஆட்சி ஏற்க வேண்டியதாயிற்று. முதலில் தாக்கப்பட்ட அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து மூன்றுக்கும் தலா 140,000 டாலர் ஒதுக்கியபின், மீதியை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரேயொரு வாடகைக் கப்பலை அனுப்பிய அமெரிக்காவுக்கு 785,000 டாலர். ஒன்பது கப்பல்களை அனுப்பிய பிரிட்டனுக்கு 645,000. பாதித் தொகையைக் கட்டுவதற்குள் ஷோகன் ஆட்சியே கவிழ்ந்தது. மீதியை 1874 வரை கட்டி முடித்தது புதிய மெய்ஜி அரசு. அதற்குள், தவணை நெருக்கடியைப் பயன்படுத்தி, 1866இல் சுங்க வரியைப் பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்குள் முடக்கும் உடன்பாட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ஜப்பான் தன் சுங்க வரி உரிமையை முழுமையாக மீட்க 1911 வரை காத்திருக்க நேர்ந்தது.

இதுவரை நம் அனுதாபம் யார் பக்கம் என்பதில் ஐயமில்லை. மேடைக் கதையும் இங்கிருந்து சீராகவே நகர்கிறது. சத்சுமா, தன்னைச் சுட்ட பிரிட்டனுடனேயே நட்பு கொண்டது; 1865இல் இளைஞர்களை அங்கே படிக்க அனுப்பியது. சோஷூ, சத்சுமாவின் பெயரில் நாகசாகி வணிகர் கிளோவரிடம் துப்பாக்கிகள் வாங்கியது. இரண்டு சிற்றரசுகளும் 1866இல் கைகோத்தன. 1868இல் ஷோகன் ஆட்சி வீழ்ந்தது. தூதரகத்துக்குத் தீ வைத்த இட்டோ 1885இல் நாட்டின் முதல் பிரதமரானார். எல்லாம் உண்மை, எல்லாம் வியப்புக்குரியது.

இனி மூன்றாமவரைச் சொல்கிறேன். அவர் பெயர் இனோவே யோஷிகா. கவுருவுக்கு உறவினர் அல்லர், சத்சுமாக்காரர். 1863இல் ககோஷிமாவில் ஆங்கிலக் குண்டுகளுக்கு எதிரே நின்று காயம்பட்ட இளைஞர். 1875 செப்டம்பரில் உன்யோ என்ற போர்க்கப்பலின் தலைவராக அவர் கொரியாவின் கங்வா தீவுக்கு அருகே போனார். அந்தக் கப்பல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் கட்டப்பட்டது. முதலில் அதை வாங்கியது சோஷூ. குடிநீர் தேடி வந்தோம் என்பது சொல்லப்பட்ட காரணம். கொரியாவும் அப்போது கதவடைத்த நாடு. கரைக் காவலர்கள் சுட்டார்கள். உன்யோ திருப்பிச் சுட்டது, ஆட்களைக் கரையிறக்கியது, பீரங்கிகளைக் கைப்பற்றியது. கொரியர் 35 பேர் மாண்டனர்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், சுட்டதற்கு நியாயம் கேட்டுப் போர்க்கப்பல்களுடன் ஜப்பானியத் தூதுக்குழு கங்வாவில் போய் இறங்கியது. துறைமுகங்கள் திறக்கப்பட்டன. கொரியாவில் குற்றம் செய்யும் ஜப்பானியனைக் கொரிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று எழுதப்பட்டது. ஜப்பானியர்கள் தங்கள் நாட்டில் அவமானம் என்று கொதித்த அதே விதி. தூதுக்குழுவின் துணைத் தலைவர் யார் தெரியுமா? இனோவே கவுரு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டிஷ் கப்பலில் வந்திறங்கி, ‘அவர்கள் வலியவர்கள், சண்டை வேண்டாம்’ என்று தன் மக்களிடம் மன்றாடிய அதே மனிதர்.

சோஷூவின் கப்பல், சத்சுமாவின் தலைவர், லண்டனில் படித்த தூதர். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தற்செயல் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. ஷிமோனோசெக்கியிலும் ககோஷிமாவிலும் கற்ற பாடத்தை அவர்கள் வரி பிசகாமல் ஒப்பித்தார்கள். கப்பலை நெருங்கவிடு, கரையைச் சுடவிடு, சுட்டதைக் குற்றமாக்கு, குற்றத்துக்கு விலையாக ஒப்பந்தம் வாங்கு. பீரங்கி வார்க்கும் கலையோடு சேர்ந்து இந்தக் கலையும் கடல் கடந்து வந்திருந்தது.

1895இல் வட்டம் முழுமையடைந்தது. சீனாவை வென்ற ஜப்பான் சமாதானப் பேச்சுக்குத் தேர்ந்த ஊர் ஷிமோனோசெக்கி. இடம், ஷுன்பன்ரோ என்ற உணவு விடுதி. மேசையின் ஒருபுறம் பிரதமர் இட்டோ. மறுபுறம் சீனத்தின் முதிய அரசியலாளர் லீ ஹொங்சாங். பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே ஒரு ஜப்பானிய இளைஞன் லீயின் முகத்தில் சுட்டான். காயத்தோடு அவர் பேச்சைத் தொடர வேண்டியிருந்தது. 20 கோடி தாயெல் வெள்ளி, தைவான் தீவு என்று பட்டியல் நீண்டது. முப்பத்தோராண்டுக்கு முன் இதே ஊரில் தோற்றவர்களுக்காக மொழிபெயர்த்தவர், இப்போது வென்றவர்களுக்காக ஆணையிட்டார். 1905இல் ஜப்பான் கொரியாவைத் தன் காப்பில் கொண்டுவந்தபோது அங்கே முதல் தலைமை ஆளுநராகச் சென்றவரும் இட்டோவே. 1909இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஆன் ஜுங்கன் என்ற கொரியர் அவரைச் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு கொரியா ஜப்பானோடு இணைக்கப்பட்டது.

‘காலம் அப்படி, விழுங்காவிட்டால் விழுங்கப்பட்டிருப்பார்கள்’ என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் காலத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது. ககோஷிமா எரிந்த சில மாதங்களிலேயே, 1864 பிப்ரவரியில், சார்லஸ் பக்ஸ்டன் என்ற உறுப்பினர் அந்த ஊர் எரிப்புக்கு வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தைப் பிரிட்டிஷ் மக்களவையில் கொண்டுவந்தார். அது தோற்றது, ஆனாலும், இது தவறு என்று அறிந்தவர்கள் சுட்டவர்களின் நாட்டிலேயே அக்காலத்திலேயே இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. அமெரிக்கா 1883இல் தன் பங்கான 785,000 டாலரை ஜப்பானுக்குத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பணம் யோக்கோஹாமா துறைமுக வேலைக்குப் பயன்பட்டது. தாமதமானாலும் ஒரு மனச்சான்று வேலை செய்திருக்கிறது. லண்டன் சென்ற இளைஞர்களுக்குக் கப்பல் கட்டும் தளத்தைப் போலவே மக்களவையும் திறந்தே இருந்தது. எதைப் பாடமாகக் கொள்வது என்ற தேர்வு கற்பவனிடம்தான் இருக்கிறது. கொரியாவின் கரையில் நின்றபோது, தாங்கள் அடிபட்ட நாளை நினைத்துத் தயங்க அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. அவர்கள் தயங்கவில்லை.

நம் இலக்கியத்தில் பரணிக்குத் தோற்றவர் பெயரைச் சூட்டுவது மரபு. கலிங்கத்துப் பரணி கலிங்கத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பாட்டு வென்றவனுக்கு. ஹெய்க்கே மொனொகத்தாரியில் பெயரும் தோற்றவருடையது, கண்ணீரும் தோற்றவருக்கு. தோற்றவனின் பக்கம் நின்று பார்க்கும் அந்தப் பயிற்சி ஜப்பானியருக்குத் தம் சொந்த மொழியிலேயே ஏழு நூற்றாண்டாகக் கிடைத்துவந்தது. ஷுன்பன்ரோ விடுதியை ஒட்டித்தான், கடலில் மூழ்கிய குழந்தைப் பேரரசனின் ஆலயம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதியவர்கள் சற்றே தலையைத் திருப்பியிருந்தால் போதும்.

1864இல் கைப்பற்றப்பட்ட சோஷூவின் பீரங்கிகள் வென்ற நாடுகளுக்கு நினைவுப் பொருள்களாகப் போயின. பாரிஸின் அன்வாலித் மாளிகையில் இருந்த ஒன்று, 120 ஆண்டுகளுக்குப் பின், 1984இல் ஷிமோனோசெக்கிக்கு வந்தது, கடனாகத்தான். நீரிணைக் கரைப் பூங்காவில் பீரங்கிகளின் மாதிரிகள் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன. அவற்றின் முன் நின்று தோல்வியிலிருந்து எழுவது பற்றிப் பேசுவது எளிது. அடுத்த முறை மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல நேர்ந்தால், துஷிமாவோடு நிறுத்தாமல் கங்வாவையும் சேர்த்தே சொல்வதாக இருக்கிறேன். கைதட்டல் சற்றுக் குறையலாம், அதனால் குற்றமில்லை.